வைரம் உதிர்ந்தால் எங்கே தேடுவது? வேக்குவம் பிரேசிங் கோளாறுகளும் சரிபார்க்கும் வரிசையும்

திருநெல்வேலி பேட்டையில் ஒரு சிறிய பட்டறையில் வேக்குவம் உலை ஓட்டுகிறேன். வள்ளியூர், ராதாபுரம் பக்கத்துக் கல் வேலைக்காரர்களுக்குக் கிரானைட் பிளேடும் இழைக்கும் கப்பும் செய்து தருகிறோம். பணகுடிப் பக்கம் காற்றாலை இறக்கைகளைப் பழுது பார்க்கிறவர்கள் ஃபைபர் அறுக்கும் வட்டத் தகடு வாங்குகிறார்கள். எல்லாவற்றுக்கும் முறை ஒன்றுதான், வேக்குவம் பிரேசிங்: காற்றை இழுத்தெடுத்த உலையில் பற்றாசை உருக்கி ஒட்டுவது. இரும்பு உடம்பின்மேல் நிக்கல்-குரோமியம் பற்றாசு, அதில் ஒற்றை அடுக்காக வைரத்துகள், பிறகு வேக்குவத்தில் 1020 முதல் 1050 டிகிரி வரை சூடு.

இந்த வேலையில் எது தப்பினாலும் கை முதலில் போவது டெம்பரேச்சர் செட்டிங்குக்குத்தான். வள்ளியூர்க்காரர் ஒருவர் போன் செய்து, "அண்ணாச்சி, பிளேடு ஒரே நாள்ல மொட்டையாயிட்டு" என்றார். நான் இருபது டிகிரி கூட்டினேன். அடுத்த லோடு அதைவிட மோசமாக வந்தது. இன்னும் பத்து கூட்டினேன். மூன்று லோடு வீணான பிறகுதான், காற்று புகாமல் கதவை அடைக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்கின் குறுக்கே ஒரு தலைமுடி ஒட்டியிருந்ததைப் பார்த்தோம். அன்றிலிருந்து எங்கள் பட்டறையில் டெம்பரேச்சரைக் கடைசியாகத்தான் தொடுகிறோம். கீழே இருக்கும் வரிசையும் அந்தக் கணக்கில்தான் போகிறது: காசு செலவில்லாத சோதனை முதலில், ஆளைக் கூப்பிட வேண்டியது கடைசியில்.

எண்களெல்லாம் பிஎன்ஐ-2 என்ற நிக்கல்-குரோமியம் பற்றாசுக்கு உரியவை. அதன் தூளைப் பசையில் கலந்த பேஸ்டாகத்தான் பூசுகிறோம். அது சுமார் 970 டிகிரியில் உருகத் தொடங்கி 1000 டிகிரியில் முழுக்க நீராகும். வேறு பேஸ்ட் என்றால் அதன் தாளைப் பார்த்து எண்களை மாற்றிக்கொள்ளுங்கள்.

ஒரு பழக்கம் மட்டும் முதலிலேயே வேண்டும். ஒவ்வொரு லோடிலும் விரல் நீளத்துக்கு ஒரு 304 ஸ்டெயின்லெஸ் துண்டைத் துடைத்து உள்ளே வையுங்கள். லோடு முடிந்ததும் தேதி எழுதி டப்பாவில் போட்டு வையுங்கள். எது எப்போது கெட ஆரம்பித்தது என்று பிறகு தேடும்போது அந்தத் துண்டுகள்தான் சாட்சி.

## வைரம் உதிர்கிறது

பிளேடு திரும்பி வந்ததும் உலைப் பக்கம் போகாதீர்கள். நகைக்கடையில் வைத்திருப்பது போன்ற பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் லூப் லென்ஸை எடுத்து, உதிர்ந்த இடத்தைப் பாருங்கள். மூன்றில் ஒன்று தெரியும். எது என்று முடிவு செய்யாமல் அடுத்த அடி எடுத்து வைக்க வேண்டாம்.

### குழி வழவழப்பாக, காலியாக இருந்தால்

பல் வேரோடு விழுந்தது போல, வைரத்தின் வடிவம் அப்படியே பதிந்த குழி இருக்கும். பற்றாசு வைரத்தைப் பிடிக்கவே இல்லை, சும்மா சூழ்ந்து நின்றிருக்கிறது என்று அர்த்தம்.

முதலில் கையும் துணியும். தலையில் எண்ணெய் தேய்த்துவிட்டு வந்து, முடியைக் கோதிய கையால் துகளைத் தூவினால் அது போதும் லோடைக் கெடுக்க. கையுறை போட்டிருக்கிறார்களா, வைரத்துகளை அசிட்டோனில் அலசிக் காய வைத்தார்களா என்று பாருங்கள்.

அடுத்து பேஸ்ட். மூடி திறந்து கிடந்ததா? உலோகத் தூள் அடியில் தங்கி, மேலே வெறும் பசை மட்டும் நிற்கிறதா? நன்றாகக் கலக்கியும் கட்டி கட்டியாக இருந்தால் தூக்கிப் போடுங்கள்.

டப்பாவின் லேபிளையும் ஒரு தடவை வாசியுங்கள். பிஎன்ஐ-3, பிஎன்ஐ-4 இரண்டும் பார்வைக்கு பிஎன்ஐ-2 மாதிரியே இருக்கும். ஆனால் அவற்றில் குரோமியம் கிடையாது. வைரத்தின் மேல் கார்பைடு படலம் உண்டாக்கி அதைப் பிடித்துக்கொள்வதே குரோமியம்தான். இரும்போடு இரும்பை ஒட்ட அந்தப் பேஸ்டுகள் நல்லவை, வைரத்துக்கு ஆகாது. சப்ளையர் மாற்றி அனுப்பியது ஒரு முறை எங்களுக்கே நடந்தது.

இதெல்லாம் சரி என்றால் பசை எரியும் கட்டத்தைப் பாருங்கள். 400 முதல் 450 டிகிரிக்குள் அரை மணி நேரம் நிறுத்த வேண்டும். வேக்குவம் கெட்டு, மறுபடி பழைய நிலைக்கு வந்த பிறகுதான் மேலே ஏற்ற வேண்டும். அவசரப்பட்டால் பசையின் கரி தங்கிவிடும். கரி படிந்த இடத்தில் பற்றாசு ஓடாது.

கடைசியாக 304 துண்டைப் பாருங்கள். அது பளிச்சென்று இல்லாவிட்டால் கோளாறு வேக்குவத்தில். கீழே அந்தப் பகுதிக்குப் போங்கள்.

### குழிக்குள் ஒடிந்த கட்டை இருந்தால்

பல் ஒடிந்து வேர் மட்டும் நிற்பது போல இருந்தால் பிடிப்பு நன்றாகவே இருந்திருக்கிறது. வைரம்தான் உடைந்திருக்கிறது. இங்கே டெம்பரேச்சரைக் கூட்டினால் நிலைமை இன்னும் மோசமாகும்.

முதல் கேள்வி வாடிக்கையாளரிடம். எந்த மெஷின், எத்தனை சுற்று, கல்லுக்குள் கம்பி இருந்ததா, அழுத்திப் பிடித்தாரா? குற்றம் சொல்லும் தொனி வேண்டாம், "எப்படி ஓட்டுனீங்க அண்ணாச்சி?" என்று கேட்டாலே பாதி விஷயம் வந்துவிடும்.

பிறகு வைரத்தின் தரம். புது மூட்டையா? பழைய மூட்டைத் துகளைப் போட்டு ஒரு சிறிய துண்டு ஓட்டிப் பாருங்கள்.

மூன்றாவது, சூட்டில் இருந்த நேரம். 1020 முதல் 1050 டிகிரியில் ஐந்திலிருந்து பத்து நிமிடம் போதும். லோடு பெரிது என்று அரை மணி நேரம் வைத்தால் கார்பைடு படலம் தடித்துப்போகும். நிக்கலும் வைரத்தை அரிக்கும், வைரம் உள்ளுக்குள் பலம் இழந்துவிடும். லோடு முழுதும் ஒரே சூட்டுக்கு வரவேண்டுமென்றால் 920 டிகிரியில் இருபது நிமிடம் நிறுத்துங்கள். மேலே நிறுத்தாதீர்கள்.

நான்காவது, சூட்டை அளக்கும் தெர்மோகப்பிள். கே டைப் கம்பி வேக்குவத்தில் இந்தச் சூட்டில் நாள்பட ஓடினால் குறைத்துக் காட்ட ஆரம்பிக்கும். திரையில் 1040 என்று இருக்கும், உள்ளே அதைவிட அதிகம் இருக்கும். இதைச் சரிபார்க்க நாங்கள் ஒரு வழி வைத்திருக்கிறோம். நகை ஆசாரியிடம் சுத்த வெள்ளிக் கம்பி ஒரு கோதுமை மணி அளவு வாங்கி, அலுமினாக் கிண்ணத்தில் போட்டு, லோடு தெர்மோகப்பிளின், அதாவது லோடுக்குள் வைக்கும் தெர்மோகப்பிளின், நுனிக்குப் பக்கத்தில் வையுங்கள். சுத்த வெள்ளி 962 டிகிரியில் உருகும். காலி உலையை 955க்குக் கொண்டுபோய்ப் பத்து நிமிடம் நிறுத்தி, ஆற வைத்துப் பாருங்கள். கம்பி கம்பியாகவே இருக்க வேண்டும். அடுத்து 970க்குக் கொண்டுபோங்கள். குண்டுமணியாக உருண்டிருக்க வேண்டும். 955லேயே உருண்டிருந்தால் திரை குறைத்துக் காட்டுகிறது. 970லும் உருளவில்லை என்றால் கூட்டிக் காட்டுகிறது. ஆபரணத்துக்கான வெள்ளி வேண்டாம், அதில் செம்பு கலந்திருக்கும், முன்னதாகவே உருகிவிடும்.

வெள்ளிச் சோதனை தப்பினால் தெர்மோகப்பிளை மாற்றுங்கள். மாற்றியும் தப்பினால் கன்ட்ரோலரைக் கேலிபரேஷனுக்கு அனுப்ப வேண்டும், அது நம் கையில் இல்லை.

### பற்றாசும் சேர்ந்து உரிந்தால்

வைரமும் பற்றாசும் சேர்ந்து செதில் செதிலாக உரிந்து, அடியில் இரும்பு தெரிந்தால் தவறு உடம்பில். துருவும் கடைசல் எண்ணெயும் முதல் சந்தேகம். கழுவிய உடம்பின்மேல் தண்ணீர் ஊற்றுங்கள். தண்ணீர் ஒரே படலமாக நிற்க வேண்டும். தாமரை இலைமேல் போல முத்து முத்தாகத் திரண்டால் எண்ணெய் போகவில்லை.

மணல் அடித்துச் சுத்தம் செய்கிறவர்கள் அலுமினா மணலையும் கண்ணாடி மணியையும் நிறுத்துங்கள். அந்தத் தூள் இரும்பில் பதிந்துகொண்டு பற்றாசை ஓடவிடாது. ஸ்டெயின்லெஸ் அல்லது நிக்கல் தூளால் அடிக்க வேண்டும். இதைக் கண்டுபிடிக்க எங்களுக்கு நாளாயிற்று, ஏனென்றால் அலுமினா அடித்த உடம்பு பார்வைக்கு அவ்வளவு அழகாக இருக்கும்.

இன்னும் இருந்தால் இரும்பின் ரகத்தைக் கேளுங்கள். கடைசலுக்குச் சுலபமாக இருக்க ஈயம் சேர்த்த இரும்பும், துத்தநாகம் பூசிய இரும்பும் வேக்குவம் உலைக்குள் போகவே கூடாது.

## பற்றாசு உருகவில்லை, மணல் மணலாக நிற்கிறது

எல்லாத் துண்டும் அப்படி என்றால் உலை சூடு எட்டவில்லை. மேலே சொன்ன வெள்ளிச் சோதனையைச் செய்யுங்கள்.

நடுவில் உள்ள துண்டுகள் மட்டும் அப்படி என்றால் லோடு நெருக்கமாக இருக்கிறது. எண்ணிக்கையைக் குறைத்து ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள். லோடு தெர்மோகப்பிளை எப்போதும் நடுவில் உள்ள பெரிய துண்டில்தான் வைக்க வேண்டும், கைக்கு எட்டுகிற ஓரத்தில் வைக்கக் கூடாது.

பாதி ஓடி, சொரசொரப்பான ஒரு தோல் மட்டும் பின்தங்கி நின்றால், 970லிருந்து 1000 வரை உலை மிக மெதுவாக ஏறியிருக்கிறது. முதலில் உருகிய பகுதி ஓடிவிட்டது, மிச்சம் அதைவிட அதிகச் சூடு கேட்கிறது. 920 டிகிரி நிறுத்தம் முடிந்ததும் உலையால் முடிந்த வேகத்தில் ஏற்றுங்கள். முன்பு அந்த வேகத்தில் ஏறிக்கொண்டிருந்த உலை இப்போது ஏறவில்லை என்றால் ஹீட்டரில் ஒரு பக்கம் போயிருக்கலாம். மூன்று பேஸிலும் ஆம்பியரைக் குறித்துப் பாருங்கள். ஒன்று குறைந்திருந்தால் எலக்ட்ரீஷியனைத் தேடாமல் உலை செய்தவரின் ஆளைக் கூப்பிடுங்கள். உள்ளே மாலிப்டினமோ கிராஃபைட்டோ எதுவானாலும் ஓடிப் பழகிய பிறகு கண்ணாடி மாதிரி உடையும்.

## நிறம் மாறி வருகிறது

நகை ஆசாரி பொடி வைத்து ஊதும்போது வெண்காரம் போடுவார், அதுதான் காற்றைத் தடுக்கும். எங்கள் உலையில் வெண்காரம் கிடையாது. அந்த வேலையை வேக்குவம் மட்டும்தான் செய்கிறது, அதனால் வேக்குவம் கெட்டால் நிறத்தில் தெரிந்துவிடும்.

இள நீலமும் வைக்கோல் நிறமும், வேலை முழுதும் ஒரே மாதிரி இருந்தால் பெரும்பாலும் சீக்கிரம் கதவைத் திறந்ததால் வருவது. 150 டிகிரிக்குக் கீழே வந்த பிறகு திறங்கள். பிடிப்புக்கு ஒன்றும் ஆகியிருக்காது.

பச்சை கலந்த சாம்பல் என்றால் குரோமியம் ஆக்சைடு. அது சூட்டில் இருந்தபோதே காற்று நுழைந்ததால் வந்தது. அந்த லோடை விற்காதீர்கள். அடுத்த பகுதியைப் பாருங்கள்.

கறுப்பாக, துடைத்தால் கையில் ஒட்டினால் பசையின் கரி அல்லது பம்ப் எண்ணெய். சுவரில் சாம்பல் நிறத் தூளோ வெள்ளிப் பூச்சோ படிந்திருந்தால் யாரோ பித்தளையையோ சாதாரண வெள்ளிப் பற்றாசையோ உள்ளே வைத்திருக்கிறார்கள். அவற்றில் உள்ள துத்தநாகமும் காட்மியமும் வேக்குவத்தில் ஆவியாகிச் சுவரிலும் பம்பிலும் போய் உட்காரும். காட்மியம் விஷம். முகமூடி இல்லாமல் அந்தத் தூளைச் சுரண்ட வேண்டாம்.

## வேக்குவம் வரவில்லை

சூட்டில் 0.0001 மில்லிபாருக்குக் கீழே இருக்க வேண்டும். அது வராவிட்டால் பல பேர் உடனே பம்பைக் கழற்றுகிறார்கள். பம்ப் கடைசியில்.

மாதத்தைப் பாருங்கள். திருநெல்வேலி வறண்ட ஊர்தான். ஆனால் ஐப்பசி, கார்த்திகை மழையிலும், ஆனி, ஆடியில் தென்காசிப் பக்கமிருந்து சாரல் காற்று வரும்போதும் கதவைத் திறந்துபோட்ட சேம்பர், அதாவது உலையின் உள்ளறை, ஈரத்தைக் குடித்துக்கொள்ளும். அன்று வேக்குவம் வர இரண்டு மடங்கு நேரம் ஆவது கோளாறு ஆகாது. லோடு ஏற்றும் நேரம் தவிர கதவு மூடியே இருக்கட்டும், இரவில் ரோட்டரி பம்பால் இழுத்து மூடிவிட்டுப் போங்கள்.

ரோட்டரி பம்ப் எண்ணெய். மோர் போல வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. பம்புக்குள் கொஞ்சம் காற்று விட்டு ஈரத்தை வெளியேற்றும் கேஸ் பாலஸ்ட் வால்வைத் திறந்து அரை மணி நேரம் ஓட்டுங்கள். தெளியாவிட்டால் எண்ணெயை மாற்றுங்கள்.

கதவு ஓ-ரிங். விரலால் முழுச் சுற்றும் தடவுங்கள். முடி, பஞ்சு, பேஸ்ட் துகள், கீறல் எதுவும் கைக்குத் தெரியும். வைட்டான் என்ற ரப்பரில் செய்த ரிங்கை அசிட்டோனால் துடைக்காதீர்கள், ஊதிவிடும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலும் நூல் பிரியாத துணியும் போதும்.

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். ஆர்கான் வாயு விட்டுக் குளிர வைத்த சேம்பருக்குள் ரிங் துடைக்கிறேன் என்று தலையை நுழைக்காதீர்கள். ஆர்கான் காற்றைவிடக் கனமானது, அடியில் தங்கும், வாசனையே இருக்காது. இரண்டு மூச்சில் மயங்கிவிடலாம். கதவைத் திறந்து ஃபேன் போட்டுக் காற்று மாறிய பிறகுதான் உள்ளே குனிய வேண்டும், பக்கத்தில் இன்னொருவர் நிற்க வேண்டும்.

கசிவா, ஈரமா? உலை காலியாக, ஆறியிருக்கும்போது நன்றாக இழுத்து, எல்லா வால்வையும் மூடுங்கள். கால் மணி நேரம் விட்டுவிட்டு, அதற்குப் பிறகு ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை ஒரு மணி நேரம் வேக்குவம் கேஜ் காட்டும் எண்ணை எழுதுங்கள். மணிக்கு 10 மைக்ரானுக்கு மேல், அதாவது 0.013 மில்லிபாருக்கு மேல் ஏறினால் நிக்கல்-குரோமிய வேலைக்கு ஆகாது. நாங்கள் 5 மைக்ரானைத் தாண்டினாலே தேட ஆரம்பித்துவிடுகிறோம். எண்ணைவிட அது ஏறுகிற விதம் முக்கியம். முதலில் வேகமாக ஏறிப் பிறகு சாய்ந்து நின்றால் உள்ளே ஈரமும் அழுக்கும் இருக்கிறது. காலி உலையை 1100 டிகிரி வரை சூடேற்றி எரித்தெடுத்தால் சரியாகும். நேர்கோடாக ஏறிக்கொண்டே போனால் எங்கோ துளை இருக்கிறது.

துளை எங்கே? உலை ஆறியிருக்க வேண்டும், ஹீட்டர் மெயின் ஆஃப் ஆகியிருக்க வேண்டும், பக்கத்தில் நெருப்பு கூடாது. சேம்பரை இழுத்துக்கொண்டே, துளிசொட்டியில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் எடுத்து ஒவ்வொரு மூட்டிலும் ஒரு சொட்டு விடுங்கள். கேஜ் ஏறினாலும் இறங்கினாலும், சட்டென்று அசைந்தால் அந்த மூட்டுதான். தெர்மோகப்பிள் நுழையும் இடம், பார்க்கும் கண்ணாடி, மின்கம்பி நுழையும் இடம், காற்று விடும் வால்வு என்ற வரிசையில் போங்கள். எங்கள் அனுபவத்தில் கதவுக்கு அடுத்தபடி தெர்மோகப்பிள் மூட்டுதான் அதிகம்.

வேக்குவம் மோசம், ஆனால் 304 துண்டு பளிச்சென்று இருக்கிறது. குழப்பமான ஜோடி இது. அப்படி இருந்தால் உள்ளே வருவது காற்றாக இருக்காது. ஆர்கான் வால்வு முழுக்க மூடாமல் கசிகிறதா என்று பாருங்கள். சிலிண்டரை மூடி, குழாயில் உள்ள ஆர்கானையும் இழுத்துவிட்டு மறுபடி அளந்தால் தெரிந்துவிடும்.

டிஃப்யூஷன் பம்ப், அதாவது எண்ணெய் ஆவியால் உயர் வேக்குவம் இழுக்கும் பம்ப். போட்டதும் வேலை செய்யாது, சூடாக முக்கால் மணி நேரம் கொடுங்கள். பிறகு தண்ணீரைப் பாருங்கள். தாமிரபரணித் தண்ணீர் ஓடிய குழாயில் உப்பு படிவது குறைவு. போர் தண்ணீருக்கு மாறிய பட்டறைகளில், அதுவும் ராதாபுரம் பக்கத் தண்ணீரென்றால், குழாய் உள்ளுக்குள் சுண்ணாம்பு கட்டி அடைத்துக்கொள்ளும். வெளியே வரும் தண்ணீரை ஒரு வாளியில் பிடித்து, நிரம்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்று மாதம் ஒரு முறை எழுதி வையுங்கள். நேரம் கூடிக்கொண்டே போனால் அடைப்பு வளர்கிறது. ஆர்ஓ தண்ணீரைச் சுற்றிச் சுற்றி ஓடவிடும் டேங்க் ஒன்று கட்டினால் அந்தச் செலவு இரண்டு பம்ப் பழுதிலேயே திரும்பிவிடும். சூடான டிஃப்யூஷன் பம்புக்குள் காற்று புகுந்திருந்தால் எண்ணெய் கருகியிருக்கும், அதை மாற்றியாக வேண்டும்.

இவ்வளவும் செய்து இரண்டு நாள் ஆகியும் துளை கிடைக்கவில்லை என்றால் ஹீலியம் லீக் டிடெக்டர் வைத்திருப்பவரைக் கூப்பிடுங்கள். சேம்பர் வெல்டிங்கிலோ தண்ணீர் ஜாக்கெட்டிலோ துளை என்று தெரிந்தால் ஊர் வெல்டரை விட்டு அடைக்காதீர்கள். மேலே அடைத்த ஒட்டு உள்ளே தண்ணீரைத் தேக்கி வைக்கும், சூட்டில் அது நீராவியாகும்.

## பற்றாசு வைரத்தை மூழ்கடிக்கிறது

ஒரு பக்கம் மட்டும் என்றால் தட்டு சாய்ந்திருக்கிறது. உலைக்குள் தட்டின்மேல் ரசமட்டம் வைத்துப் பாருங்கள், இரண்டு திசையிலும். எல்லாப் பக்கமும் என்றால் பேஸ்ட் அதிகம். 40/50 மெஷ் துகள் சுமார் 0.3 முதல் 0.4 மில்லிமீட்டர் இருக்கும். உருகி நின்ற பற்றாசு அதன் உயரத்தில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை இருந்தால் போதும். அதற்கு மேல் போனால் கல்லைக் கடிக்கப் பல் இருக்காது. பற்றாசு நீராக இருக்கும்போதே ஆர்கானை வேகமாக விட்டாலும் அலை அலையாக ஒதுங்கும். 900 டிகிரிக்குக் கீழே வரும் வரை வேக்குவத்திலேயே ஆறட்டும்.

## தகடு வளைகிறது

மெல்லிய தகட்டில்தான் இந்தத் தொல்லை. தட்டையான அலுமினாத் தட்டில் வைத்தீர்களா என்று முதலில் பாருங்கள். கிராஃபைட் தட்டில் இரும்பை நேராக வைக்காதீர்கள், கரி இரும்புக்குள் ஏறும், பற்றாசு வழிந்தால் ஒட்டிக்கொள்ளவும் செய்யும். அடுத்து, வெட்டி வந்த தகட்டை 600 டிகிரிக்குச் சற்று மேலே ஒரு மணி நேரம் வைத்து மெதுவாக ஆற வைத்த பிறகு கடைசலுக்குக் கொடுங்கள். அதன் பிறகும் வளைந்தால் ரம்பத் தகட்டைச் சுத்தியலால் தட்டி நிமிர்த்தும் ஆளிடம் கொடுங்கள். அது கைப்பழக்கம் உள்ளவர் வேலை, நாம் தட்டினால் வைரம் உதிரும்.

## பிசிடி முனை விரிசல் விடுகிறது

பிசிடி என்பது வைரத்துகளைக் கோபால்ட்டோடு சேர்த்துக் கட்டியாக்கிய முனை. அதை நிக்கல்-குரோமியம் லோடில் வைத்திருந்தால் வேறு காரணம் தேட வேண்டாம். அதற்குள் இருக்கும் கோபால்ட் சுமார் 700 டிகிரியைத் தாண்டினால் வைரத்தைக் கெடுக்கத் தொடங்கும். குறைந்த சூட்டில் உருகும் வெள்ளிப் பற்றாசு வைத்து இண்டக்ஷனில் ஒட்டுகிறவரிடம் அந்த வேலையைக் கொடுத்துவிடுங்கள்.

## பாதியில் கரண்ட் போய்விட்டது

முதலில் தண்ணீர். உலை சூடாக இருக்கும்போது கூலிங் நின்றால் ஓ-ரிங்குகள் வெந்துவிடும். மொட்டைமாடி டேங்கிலிருந்து தானாக இறங்கும்படி ஒரு குழாய் இழுத்து, அதன் வால்வில் சிவப்புப் பெயின்ட் அடித்து வையுங்கள். இரவு ஷிப்ட் பையனுக்கு அதைத் திறக்கக் கண்ணை மூடிக்கொண்டும் தெரிய வேண்டும்.

சேம்பருக்கும் டிஃப்யூஷன் பம்புக்கும் நடுவில் உள்ள ஹை வேக்குவம் வால்வு தானாக மூடியதா என்று பார்த்து, மூடாவிட்டால் கையால் மூடுங்கள். கதவைத் தொடாதீர்கள்.

கரண்ட் வந்ததும் பதிவேட்டைப் பாருங்கள். 950 டிகிரியைத் தொடுவதற்கு முன்பே நின்றிருந்தால், ஆற வைத்து, 304 துண்டு பளிச்சென்று இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, லோடை முதலிலிருந்து ஓட்டலாம். 970 தாண்டி, பற்றாசு பாதி உருகிய பிறகு நின்றிருந்தால் மறுபடி ஓட்டினாலும் அது சரியாக ஓடாது. அந்தத் துண்டுகளைத் தனியாக எடுத்து, மேல் அடுக்கைக் கடைந்தெடுத்து, உடம்பை மட்டும் மறுபடி பயன்படுத்துங்கள். தண்ணீர் பத்து நிமிடத்துக்கு மேல் நின்றிருந்தால் லோடு ஏற்றுமுன் கசிவுச் சோதனையை ஒரு மணி நேரம் முழுதாகச் செய்துவிடுங்கள், கதவு ரிங் அநேகமாகப் போயிருக்கும்.